மறுக்க முடிகிற ஒரு வரி

பள்ளி மேடைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலுமாக வகுப்பு நடக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், இடைநிலைப்பள்ளி மாணவர்களும் வருகிறார்கள். சிலருக்குப் பேச்சுப் போட்டி, சிலருக்கு விவாதம், சிலருக்கு வகுப்பில் ஐந்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டிய படைப்பு. இவர்களிடம் குரலுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு 4 பிள்ளைகூட அவைத் தலைவர், நீதிபதிகள், நேரக் காப்பாளர் என்று வரிசை பிசகாமல் வணக்கம் சொல்லிவிடும். எங்கே குரலை ஏற்றுவது, எங்கே கையை நீட்டுவது என்பதையெல்லாம் வீட்டில் அம்மாவோ தாத்தாவோ சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காதது ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து நிமிடமும் எந்த ஒரு வரியைக் கேட்பவர் மனத்தில் நிலைநாட்டப் போகிறோம் என்று தேர்ந்தெடுப்பதுதான் அது. என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட நேரம் அந்த வரிக்கே போகிறது. சில பெற்றோர் வாசலில் நின்று, "எப்போ டீச்சர் பேச வைப்பீங்க?" என்று கேட்பார்கள். வரி சரியாக அமைந்த பிள்ளைக்குப் பேச்சு தானாக வருவதை இத்தனை காலமும் பார்த்து வருகிறேன். அதனால் அவசரப்படுவதில்லை.

பிள்ளைகள் முதலில் கொண்டுவரும் வரிகள் எல்லாருக்கும் பழக்கமானவை. "சுற்றுச்சூழலைப் பாதுகாப்போம்." "தாய்மொழியை நேசிப்போம்." "போதைப்பொருளை ஒழிப்போம்." எதிலும் தவறில்லை, எதிலும் பொய்யில்லை. ஆனால் மண்டபம் நிறைய உட்கார்ந்திருப்பவர்களில் சுற்றுச்சூழல் அழியட்டும் என்று நினைப்பவர் ஒருவர்கூட இல்லை. பிள்ளை உருகிப் பேசும், நாமும் கைதட்டுவோம். வெளியே வந்ததும் தே ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு காரில் ஏறுவோம். பிள்ளை பேசியதற்கும் கையில் தொங்குகிற பைக்கும் தொடர்பு இருப்பதாக நமக்குத் தோன்றாது. தோன்றும்படி அந்த வரி நம்மிடம் எதையும் கேட்கவில்லை. 'காப்போம்', 'ஒழிப்போம்' என்று முடிகிற வரியில் யார் செய்வது, எப்போது செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் குறையை நம் முன்னோர் எப்போதோ கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சி நகரில், அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதம் செய்யும் முறையை விரிவாகச் சொல்லித் தருகிறார். நிலைநாட்ட எடுத்துக்கொண்ட கூற்றுக்கு அங்கே பக்கம் என்று பெயர். அதைத் தாங்க ஏதுவும் எடுத்துக்காட்டும் பின்னால் வரும். ஏதுவிலும் எடுத்துக்காட்டிலும் நேரும் பிழைகளைச் சொல்வதற்கு முன்பே, எடுத்துக்கொண்ட கூற்றிலேயே நேரக்கூடிய பிழைகள் ஒன்பது என்று காப்பிய ஆசிரியர் சாத்தனார் வகுத்துக் காட்டுகிறார். கண்ணெதிரே தெரிவதற்கு மாறாகப் பேசுவது ஒரு பிழை. மகனே தன் தாயை மலடி என்பதுபோல, தன் சொல் தன்னையே வெட்டும்படி பேசுவது இன்னொரு பிழை. ஒன்பதாவதாக வருவதுதான் என் வகுப்புக்கு வேண்டியது. எதிரே இருப்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பதை அவருக்கே நிறுவிக் காட்ட முயல்வது பிழை என்கிறது காப்பியம். எல்லாம் நிலையில்லாதது என்று நம்புகிற பௌத்தரிடம் போய், ஒலி நிலையில்லாதது என்று வாதிடுவதை அதற்கு உதாரணமாகத் தருகிறது. படிவம் 4, 5 மாணவர்களுக்கு இந்தப் பகுதியை உரையோடு படித்துக் காட்டுவேன். தமிழ் இலக்கியம் என்றால் தேர்வுக்கு மனனம் செய்வது என்று இருந்தவர்கள், தங்கள் நாளைய மேடைக்கு வேண்டிய அறிவுரை அதில் இருப்பதைக் கண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது.

ஆகவே ஒரு பிள்ளை வரியை எழுதிக் காட்டியதும் நான் கேட்கும் முதல் கேள்வி: "இதுக்கு இல்லைன்னு சொல்றவங்க அந்த மண்டபத்துல யாரு?" சிலர், பலர் என்றெல்லாம் பதில் சொல்லக் கூடாது. ஆளைக் காட்ட வேண்டும். சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், கட்டொழுங்கு ஆசிரியர், பின்வரிசையில் உட்காரும் அண்ணன்மார், பாட்டி என்று யாராவது ஒருவர். ஆள் கிடைக்காவிட்டால் வரி இன்னும் அமையவில்லை என்று பொருள்.

மறுக்க ஆள் இல்லாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை வாதத்தை விட்டுவிட்டுத் தகவலைக் கொண்டு வந்திருக்கும். சிலாங்கூரில் 2017 ஜனவரியில் கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 20 சென் வாங்கத் தொடங்கினார்கள் என்பது தகவல். கைப்பேசியில் தேடினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்கு ஒரு மேடையும் நூறு நாற்காலியும் தேவையில்லை. அந்த 20 சென் யாரையும் தடுப்பதாகத் தெரியவில்லை, அதை உயர்த்த வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். உடனே மண்டபத்தில் இருக்கும் அம்மாமார் முகம் மாறும். மளிகைக் கடை வைத்திருக்கும் மாமா கையைக் கட்டிக்கொள்வார். பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கிள்ளானில் படிவம் 1 மாணவி ஒருத்திக்கு இதே பிளாஸ்டிக்தான் தலைப்பு. பூமி, கடல், ஆமை என்று தொடங்கினாள். எல்லாம் இணையத்தில் எடுத்தவை. "நீ எங்கே பிளாஸ்டிக்கப் பார்க்கிற?" என்று கேட்டேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சிராப் தண்ணீரைப் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ரப்பர் போட்டுக் கொடுப்பதைச் சொன்னாள். ஓய்வு நேரம் முடிந்ததும் வடிகாலில் அந்தப் பைகள் கிடப்பதையும் சொன்னாள். அப்படியானால் வரி என்ன? "பையில் ஊற்றி விற்பதை நிறுத்த வேண்டும்." முன்பு இருந்ததைவிட நல்ல வரி. இல்லை என்று சொல்லக்கூடியவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது, சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா. அவரிடம் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னேன்.

அக்கா சண்டை போடவில்லை. நிதானமாகக் கேட்டிருக்கிறார்: "குவளையில கொடுத்தா யாரும்மா கழுவுறது? மணி அடிச்சதும் பாதி குடிச்சிட்டு வச்சிட்டு ஓடிருவீங்க. பைன்னா கையோட போயிரும்." மாணவி இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அதைத் தாண்டிப் போகிற வரி வேண்டும். கடைசியில் அவளே எழுதியது இது: "சொந்தக் குவளை கொண்டுவரும் மாணவருக்கு நம் சிற்றுண்டிச்சாலை பானத்தை 10 சென் குறைத்து விற்க வேண்டும்." கழுவும் வேலை மாணவருடையதாகிவிட்டது. பை, உறிஞ்சுகுழல், ரப்பர் மூன்றுக்கும் தமக்கு ஆகும் செலவை அக்காவே சொல்லியிருந்ததால், 10 சென்னை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆமைகள் எல்லாம் தாமாகவே வெளியேறிவிட்டன. பேச்சு முடிந்ததும் நீதிபதியாக வந்திருந்த ஆசிரியர் ஒருவர், "10 சென்னுக்காக யாராவது குவளையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "நான் வருவேன்" என்றான். இன்னொருவன், "20 சென்னா வருவேன்" என்றான். ஒரு பேச்சுக்கு இதைவிடச் சிறந்த பரிசை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த வரியை எழுதிக் காட்டியபோது அவள் கேட்ட கேள்வியை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். "டீச்சர், இது ரொம்பச் சின்ன விஷயமா இருக்கே?" மேடை என்றால் பெரிதாகப் பேச வேண்டும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல நான் கிள்ளானை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர், கிள்ளான் மாவட்டத்து இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். தொழிலாளர் சார்பில் வைக்கப்பட்ட கோரிக்கைப் பட்டியலை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலிடத்தார் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒன்று இருக்கிறது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை.

இந்த ஒன்றைக் கட்டம் போட்டு வைத்துவிட்டு மாணவர்களை யோசிக்கச் சொல்வேன். கூலி, கல்வி, மருத்துவம் என்று உயிர்வாழ்வுக்கான கோரிக்கைகள் நிற்கிற பட்டியலில் ஒரு சைக்கிளுக்கு ஏன் இடம் கொடுத்தார்கள்?

அதே விஷயத்தை அவர்கள் வேறு விதமாக எழுதியிருக்கலாம். எங்களை மனிதர்களாக மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கலாம். துரை அதைப் படித்துவிட்டு, நாங்கள் மதிக்கத்தானே செய்கிறோம் என்று ஒரு வரியில் முடித்திருப்பார். மதிப்பதும் மதிக்காததும் அவர் சொல்வதாகிவிடும். சைக்கிளில் அந்தத் தப்பும் வழி இல்லை. நாளைக் காலை ஒரு தொழிலாளி சைக்கிளில் வருவார், எதிரே துரை வருவார். இறங்கச் சொல்வீர்களா, சொல்ல மாட்டீர்களா? பாதையோரத்தில் நிற்கிற குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும், கோரிக்கை ஏற்கப்பட்டதா இல்லையா என்று.

இன்னொன்றும் இருக்கிறது. கூலியைக் கேட்டால் முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். ரப்பர் விலை, உற்பத்தி, இலாபம் என்று பேச அவரிடம் நிறைய இருக்கும். சைக்கிளுக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. தொழிலாளி இறங்காமல் போனால் தோட்டத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. எனவே மறுக்கிறவர் வேறு காரணம் தேட வேண்டும். அந்தக் காரணமோ சபையில் வாய்விட்டுச் சொல்லத் தக்கதாக இராது. மறுப்பவரைத் தம் காரணத்தைத் தாமே வெளியே எடுக்க வைக்கிற கோரிக்கை இது. பயிற்சி வகுப்பு எதற்கும் போகாத தோட்டத்து மக்களும் அவர்களோடு நின்றவர்களும் இதைக் கண்டெடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது.

கூலிக் கோரிக்கையையும் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். கூலியை உயர்த்துங்கள் என்று அது நிற்கவில்லை. சீனத் தொழிலாளருக்கு இணையாக என்கிறது. எவ்வளவு உயர்த்தினால் போதும் என்பதற்கு அளவுகோல் கோரிக்கைக்குள்ளேயே இருக்கிறது, நியாயமும் அங்கேயே இருக்கிறது. பெரிய விஷயத்தையும் இப்படித் திட்டமாகக் கேட்க முடியும் என்பதற்காக இதைக் காட்டுகிறேன். சின்ன விஷயத்தைத்தான் பேச வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

முடிவையும் மறைப்பதில்லை. 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவி, ஏறத்தாழ 20,000 பேர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். நல்ல கோரிக்கை வைத்தால் வெற்றி கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. எதிர்ப்பக்கம் துப்பாக்கி இருந்தால் வாதம் தோற்கலாம். ஆனால் அவர்கள் மறுத்தது இன்னதென்று எண்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை படித்தவுடன் புரிந்துகொள்கிறது. என் கிள்ளான் மாணவர்களில் சிலருக்கு வீடு பண்டார் புக்கிட் ராஜாவில். தோட்டமாக இருந்த நிலம் அது. பட்டியலைப் படித்த பிறகு, இது சின்ன விஷயமா டீச்சர் என்று கேட்பது வகுப்பில் குறைந்துவிடும்.

மறுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. செய்யக்கூடியவரும் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு இதைத் தெருவிலேயே காட்டலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. கோலால் தட்டித் தட்டி நடந்துபோகிறவர்களைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்காக நடைபாதைகளில் மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு மாணவன், பிரிக்பீல்ட்ஸைப் பார்வையற்றோருக்கு உகந்த நகரமாக அரசாங்கம் மாற்ற வேண்டும் என்று எழுதி வந்தான். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று மாலை மண்டபத்துக்கு அரசாங்கம் வரப் போவதில்லை. மாநகர் மன்றத்திலிருந்தும் யாரும் வரப் போவதில்லை. வரப் போகிறவர்கள் அவன் வகுப்புத் தோழர்களின் பெற்றோர். அவர்களில் எத்தனை பேர் ஜாலான் துன் சம்பந்தனில் தீபாவளிச் சாமான் வாங்க வரும்போது மோட்டார் சைக்கிளை நடைபாதையில் ஏற்றி, அந்த மஞ்சள் கற்களின் மேல் நிறுத்துகிறார்கள்? வரி மாறியது. "ஐந்து நிமிடத்துக்கு என்றாலும் மஞ்சள் கற்களின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது." அந்த 'ஐந்து நிமிடத்துக்கு என்றாலும்' அவனே சேர்த்தது. அப்பா வழக்கமாகச் சொல்கிற சாக்கு அதுதானாம்.

எல்லாத் தலைப்பிலும் கடினமானது தமிழ்ப்பள்ளி. நம்மவர் மனத்துக்கு அவ்வளவு நெருக்கமானது என்பதாலேயே கடினம். 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்கிட்டு இருநூறாண்டு விழா கொண்டாடினோம். இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியே நம் தேர்வாக வேண்டும் என்று பிள்ளை முழங்கினால் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இடி இடிக்கும் கைதட்டல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியவர்கள். சாத்தனார் சொன்ன ஒன்பதாவது பிழை மீண்டும்.

இதே விஷயம் வேறொரு சபையில் எப்படி நின்றது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். தாய்மொழிப் பள்ளிகளை எதிர்த்து வழக்கு வந்தபோது, அவை நல்லவையா, வேண்டியவையா என்பது கேள்வியாக இல்லை. தமிழையும் சீனத்தையும் போதனா மொழியாகக் கொள்வது கூட்டரசு அரசமைப்பின் 152ஆம் பிரிவுக்கு முரணா என்பதுதான் கேள்வி. முரணில்லை என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021 டிசம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த இடத்தில் மொழிப்பற்றைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் பயன்பட்டிருக்காது. சபை மாறினால் வரி மாற வேண்டும்.

நம் பள்ளி மண்டபத்துக்கு ஏற்ற வரி எது? தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாதவர் தமிழரே இல்லை என்று எழுதி வந்தான் ஒரு ஆண்டு 6 மாணவன். மறுக்க ஆள் இருக்கிற வரிதான். ஆனால் மறுப்பவரை அவமதித்துவிட்டு அவரிடமே சம்மதம் கேட்கிறது. அவனுடைய அத்தை மகன் தேசியப் பள்ளியில் படிக்கிறான் என்று தெரிந்தது. "அத்தைகிட்ட ஏன்னு கேட்டியா?" கேட்டதில்லை. கேட்டு வந்தான். அத்தையும் மாமாவும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். அவர்கள் தாமானிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு வேன் கிடையாது, தேசியப் பள்ளி நடந்து போகிற தூரம். அத்தைக்குத் தமிழ்மேல் குறையே இல்லை. அவன் எழுதிய புதிய வரி: "பக்கத்துத் தாமான்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வர நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேன் ஏற்பாடு செய்ய வேண்டும்." சங்கத்துப் பொறுப்பாளர்கள் முன்வரிசையில்தான் உட்காருவார்கள். மொழிப்பற்று அந்தப் பேச்சில் குறைந்துவிடவில்லை. அத்தையைப் பற்றி அவன் சொன்ன இடத்தில் பல தாய்மார் தலையசைத்தார்கள்.

விவாத மேடையில் நிலைமை சற்று வேறு. தலைப்பையும் தருவார்கள், பக்கத்தையும் குலுக்கிப் போட்டுத் தருவார்கள். பள்ளியில் கைப்பேசியை அனுமதிக்க வேண்டும் என்ற தலைப்பை ஆதரித்துப் பேச வேண்டியவன் அதை அப்படியே சுமக்கத் தேவையில்லை. எந்த வகுப்பினருக்கு, எந்த நேரத்தில், யார் பொறுப்பில் என்று வரையறுத்து, தன்னால் காக்க முடிகிற அளவுக்கு அதைத் திட்டமாக்கிக்கொள்ளலாம். நல்ல அணிகள் இதில்தான் பாதி வெற்றி பெறுகின்றன. ஆனால் சொந்தப் படைப்பு என்று வரும்போது, தான் நம்பாத பக்கத்தைப் பிள்ளை எடுப்பதை நான் ஏற்பதில்லை. கண்ணால் பார்த்திராத, யாரிடமும் கேட்டிராத விஷயத்தையும் ஏற்பதில்லை. அப்படிப் பேசுகிற பிள்ளையிடம் நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் அதன் கண் அம்மாவைத் தேடும். வடிகாலில் பையைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை.

வரி கிடைத்ததும் அதன் பக்கத்தில் 'ஏனென்றால்' என்று எழுதி, தொடர்ந்து மூன்று காரணம் எழுதச் சொல்வேன். மூன்றும் ஒன்றையே வேறு சொற்களில் சொன்னால் வரியில் இன்னும் கோளாறு இருக்கிறது. காரணங்கள் தனித்தனியாக நின்றால், மறுக்கப் போகிறவர் முதலில் எதைக் கேட்பாரோ அதற்கான காரணத்தை முன்னால் வைப்போம். வரியைப் பேச்சில் எங்கே சொல்வது என்பதும் அவரைப் பொறுத்ததே. பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடச் சொல்கிறேன். கேட்பவருக்குக் கோபம் வரக்கூடிய வரி என்றால் மட்டும் அவரும் ஒப்புகிற ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குப் போகலாம். கடைசி நிமிடம் வரை ஒளித்து வைத்து முழங்குவது நம் மேடைகளில் பழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் நான்கு நிமிடம் கேட்பவர், ஐந்தாவது நிமிடத்தில் மனம் மாறுவது அரிது.

போட்டி நடத்துகிற பள்ளிகளுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்பை முழக்கமாகக் கொடுக்காதீர்கள். சிற்றுண்டிச்சாலை, பள்ளிப் பேருந்து, வீட்டுப்பாடம், கோயில் திருவிழா என்று களத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வரியைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். புள்ளித் தாளில் குரலுக்கும் உச்சரிப்புக்கும் கட்டம் வைத்திருப்பதுபோல் எடுத்துக்கொண்ட நிலைப்பாட்டுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். பேச்சு முடிந்ததும் நீதிபதி ஒருவர், ஒரே ஒருமுறை, மறுத்துக் கேட்கட்டும். பெற்றோரே, பேச்சை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டில் அந்த மறுக்கும் ஆளாக நீங்கள் இருங்கள். அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையை அச்சுக்கு அனுப்புமுன் இதை ஒருமுறை உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.